மேசா வளைவில் குளிர்கால விடியல்: படம் சரியாக அமையாதபோது அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ‘ஐலண்ட் இன் தி ஸ்கை’ பகுதியில், செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டி நிற்கிறது மேசா வளைவு. சூரியன் எழுந்த சில நிமிடங்களில் இந்த மணற்கல் வளைவின் அடிப்பக்கம் முழுவதும் தணல் போலச் சிவந்து ஒளிரும். அந்த ஒளிர்வுக்காகவே ஒளிப்படக் கலைஞர்கள் இருட்டில் எழுந்து அங்கே போகிறார்கள். போய்வந்தவர்களின் படங்கள் எதிர்பார்த்தபடி அமையாதபோது, குற்றம் பெரும்பாலும் கேமராவின் மீதோ லென்ஸின் மீதோ சுமத்தப்படுகிறது. உண்மையில் அந்தக் குறைகளில் பாதிக்கு மேல், வளைவின் மீது விழும் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகக் கணிக்காததால் நேர்பவை என்பதே என் கருத்து. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் ஒளியைப் பார்த்து, அதன் பிறகே கேமராவின் அமைப்புகளைத் தொடுவது நல்லது.

முழுச்சட்டக உணரி (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவிலான ஒளியுணர் சில்லு) கொண்ட கேமரா, 14 முதல் 24 மி.மீ. வரையிலான அகலக்கோண லென்ஸ், முக்காலி, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலப் படக்கோப்பு) ஆகியவற்றை வைத்தே இங்குள்ள அளவுகள் சொல்லப்பட்டுள்ளன. சிறிய உணரி கொண்ட கேமராவில் குவியத்தூரங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும், காரணங்கள் மாறாது.

சூரியன் எழுந்துவிட்டது, ஆனால் வளைவின் அடிப்பக்கம் ஒளிரவில்லை

மிகுதியாகக் கேட்கப்படும் குறை இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பல தாமாகவே விளங்கிவிடும். வளைவின் அடிப்பக்கம் தரையை நோக்கிக் கவிந்திருப்பதால், அடிவானத்திலிருந்து வரும் சூரியக் கதிர் அதன் மீது நேராக விழுந்து அந்த நிறத்தைத் தருவதில்லை. வளைவுக்கு அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத வகையில் கீழே இறங்கும் செங்குத்துப் பாறைச் சுவரின் மீது கதிர்கள் விழுகின்றன. இரும்பு ஆக்சைடால் சிவந்திருக்கும் அந்தச் சுவர், பட்ட ஒளியில் நீலத்தை உறிஞ்சிக்கொண்டு சிவப்பையும் செம்மஞ்சளையும் மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. வளைவின் அடியில் நாம் காண்பது அப்படித் திரும்பி வந்த ஒளியையே.

இதிலிருந்து மூன்று சோதனைகள் பிறக்கின்றன. முதலாவது, அடிவானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பது. தலைக்கு மேல் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கிழக்கே அடிவானத்தை ஒட்டி ஒரு மெல்லிய மேகப் பட்டை கிடந்தால் போதும், சுவரின் மீது நேரடி வெயில் விழாது. அதனால் ஒளிர்வும் தோன்றாது. அந்த நிலையில் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. சூரியன் அந்தப் பட்டையைத் தாண்டி மேலே வந்ததும், அரை மணி நேரம் தாமதமானாலும், ஒளிர்வு வந்துவிடக்கூடும். அட்டவணையில் உள்ள உதய நேரம் கடந்து பத்து நிமிடம் ஆனதும் முக்காலியை மடித்துக்கொண்டு கிளம்புபவர்கள் இழப்பது அந்தத் தருணத்தைத்தான்.

இரண்டாவது, பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பியிருக்கிறதா என்பது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தங்கி, அதன் மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் அமரும்போது, கீழே பனிமூட்டம் உருவாகும். அது விளிம்புவரை உயர்ந்திருந்தால் சுவருக்கு வெயில் எட்டாது. அப்போது ஒளிர்வை எதிர்பார்த்து நிற்பதைவிட, மூட்டத்தின் மேல் தலைநீட்டும் பாறைத் தூண்களைப் படமாக்குவது பயனுள்ளது. அத்தகைய காலை ஒளிர்வைவிட அரியது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சோதனை நேரம் பற்றியது. சூரிய வட்டு அடிவானத்தில் எட்டிப்பார்க்கும் நொடியில் ஒளிர்வு இன்னும் தொடங்கியிருக்காது, அல்லது மிக மங்கலாக இருக்கும். கதிர்கள் சுவரின் மீது பரவ ஆரம்பித்து, அவற்றின் வலிமை கூடிய பிறகே நிறம் முழுமை அடையும். ஆகவே சூரியன் விளிம்பில் இருக்கும் படமும், ஒளிர்வு உச்சத்தில் இருக்கும் படமும் வெவ்வேறு நிமிடங்களுக்கு உரியவை. இரண்டும் ஒரே சட்டத்தில் வேண்டுமென்றால் முக்காலியை அசைக்காமல் தொடர்ந்து எடுத்து, பின்னர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சூரியன் எதிர்பார்த்த இடத்தில் எழவில்லை

மேசா வளைவின் ஊடாகப் பார்த்தால், ஏறத்தாழ நேர்கிழக்கில் லா சால் மலைத்தொடர் தெரிகிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான மவுண்ட் பீல் 3,877 மீட்டர் உயரமுடையது. அந்தச் சிகரங்களை ஒட்டிச் சூரியன் எழும் படங்களைப் பார்த்துவிட்டு டிசம்பரில் அங்கே போய் நிற்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்த அட்சரேகையில் சூரியன் சரியாகக் கிழக்கே எழுவது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களில் மட்டுமே. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் அது வடக்கிலிருந்து ஏறக்குறைய 120 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து 30 பாகை தெற்கே தள்ளி எழுகிறது. எனவே குளிர்காலச் சூரியன் மலைத்தொடரை விட்டு வெகுவாக வலப்பக்கம், தாழ்ந்த அடிவானத்தின் மேல் தோன்றும். இதில் ஓர் ஆதாயமும் உண்டு: உயர்ந்த மலை மறைக்காததால் கதிர்கள் தாமதமின்றிச் சுவரை எட்டுகின்றன.

இடம் தெரிந்த பிறகும் சூரியன் வளைவின் வலப்புறக் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், மாற்ற வேண்டியது லென்ஸை அல்ல, நிற்கும் இடத்தை. வளைவு உங்களிடமிருந்து 3 மீட்டர் தொலைவில் இருக்கிறது. சூரியனோ எல்லையற்ற தொலைவில் இருப்பதாகவே கொள்ளலாம். ஆகவே முக்காலியை 10 செ.மீ. இடப்பக்கம் நகர்த்தினாலே, வளைவோடு ஒப்பிடும்போது சூரியன் ஏறத்தாழ 2 பாகை இடப்பக்கம் நகர்ந்ததுபோல் தெரியும். அது சூரிய வட்டின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு. உயரத்துக்கும் இதே கணக்குதான். கேமராவைத் தாழ்த்தினால் வளைவின் அடிப்பக்கம் மேலெழுந்து, சூரியனுக்கும் பாறைக்கும் இடையே இடைவெளி கூடும். உயர்த்தினால் சூரியன் பாறையின் அடிவிளிம்பைச் சீக்கிரம் தொடும். போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் திசையைத் துல்லியமாகக் காட்டிவிடும். ஆனால் இந்தச் சில அங்குலங்களை அவை காட்டுவதில்லை. அவற்றை அங்கே குனிந்து நிமிர்ந்துதான் கண்டுகொள்ள வேண்டும்.

உதய நேரத்திலும் ஒரு சிறு பொறி இருக்கிறது. மிகத் தாமதமான உதயம் ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று வருவதில்லை. அது ஜனவரியின் தொடக்க நாட்களில் வருகிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் அங்கே சூரியன் உள்ளூர் நேரப்படி காலை ஏழரை மணியளவில் எழும். அதற்கு அரை மணி நேரம் முன்பே நிறங்கள் தொடங்கிவிடும் என்பதால், ஆறரை மணிக்குள் முக்காலி ஊன்றப்பட்டிருப்பது நலம். நடைபாதை போகவர மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் பனி இறுகிய பாறையில் அந்தச் சிறு தொலைவும் மெதுவாகத்தான் கடக்கும். காலணியில் மாட்டும் பனிப்பற்கள் இல்லாமல் இருட்டில் நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பனிப்பொழிவுக்கு அடுத்த நாள் சாலையைச் சுத்தம் செய்யத் தாமதமாகலாம் என்பதால், முந்தைய நாளே பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒளிர்வு கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் மங்கலாக அல்லது மஞ்சளாக இருக்கிறது

இரண்டும் ஒரே குறைபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு வேறு. மங்கலாக, சற்றே சாம்பல் கலந்த செம்மஞ்சளாக இருந்தால், தானியங்கி வெண்சமநிலையை (ஒளியின் நிறச்சாய்வைக் கேமரா தானே ஈடுசெய்யும் அமைப்பை) சந்தேகிக்க வேண்டும். சட்டத்தின் பெரும்பகுதி சிவந்திருப்பதைக் கண்ட கேமரா, அதை விளக்கொளியின் பிழை என்று எண்ணி, நீலத்தைச் சேர்த்துச் ‘சரிசெய்து’விடுகிறது. வெண்சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்கு, அதாவது 5,200 முதல் 5,500 கெல்வின் வரை, கையால் நிலைநிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். ரா கோப்பில் எடுத்தவர் இதைப் பின்னரும் மாற்றிக்கொள்ளலாம். எனினும் களத்திலேயே மாற்றுவது நல்லது; பின்திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இருண்ட பகுதிகளை இடப்பக்கமும் வெளிச்சமானவற்றை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்), ரா கோப்பிலிருந்து எடுக்கப்படாமல், வெண்சமநிலை சேர்க்கப்பட்ட முன்னோட்டப் படத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது.

மஞ்சளாகவும் தட்டையாகவும், பாறையின் புள்ளிகளும் கீறல்களும் அழிந்ததுபோலவும் இருந்தால், அது சிவப்பு அலைவரிசை (சிவப்பு நிறத்துக்கான பதிவு) அதன் வரம்புக்கு மேல் நிரம்பி வழிந்ததன் அடையாளம். ஒளிரும் அடிப்பக்கத்திலிருந்து வரும் ஒளியில் சிவப்பு மிக அதிகம், பச்சை குறைவு, நீலம் மிகக் குறைவு. மூன்றையும் சேர்த்துக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமில் எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். அதே நேரத்தில் சிவப்பு மட்டும் வலப்பக்கச் சுவரில் மோதி நிற்கும். சிவப்பு அதற்கு மேல் ஏற முடியாத நிலையில் பச்சை மட்டும் தொடர்ந்து கூடும்போது, கலவை செம்மையிலிருந்து மஞ்சளுக்குச் சாய்கிறது. ஆகவே கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்கி, அடிப்பக்கத்தின் மையத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சிவப்பு விளிம்பைத் தொடாத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் (ஒளியளவைப் பாதியாக்கும் அல்லது இருமடங்காக்கும் ஒரு படி) குறைப்பது பெரும்பாலும் போதும். படத்தின் வண்ண அமைப்பு ‘செழுமை’ அல்லது ‘நிலக்காட்சி’ என்று வைக்கப்பட்டிருந்தால், அதை நடுநிலைக்கு மாற்றுங்கள்; இல்லையெனில் ஹிஸ்டோகிராம் இல்லாத வழிதலையும் காட்டிப் பயமுறுத்தும்.

கணினியில் திருத்தும்போது நிறச்செறிவை இழுத்து உயர்த்துவதும் இதே குறையைப் புதிதாக உண்டாக்கும். இந்த இடத்தின் படங்கள் பலவற்றில் பாறை நெருப்பாகவே காட்டப்படுவதால், இயற்கை நிறம் குறைவோ என்ற ஐயம் நமக்கே வந்துவிடுகிறது. பாறையின் கரடுமுரடு கண்ணுக்குத் தெரியும்வரையே செறிவைக் கூட்டலாம் என்பது என் அளவுகோல்.

வானம் வெளுத்துப்போகிறது, அல்லது வளைவு கரிக்கட்டையாகிறது

சூரியனைச் சட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, அதை நோக்காத பாறை முகத்தையும் ஒரே படத்தில் அடக்க எந்த உணரியாலும் எளிதில் முடியாது. கேமராவின் முன்னே நிற்கும் பாறைமுகம் மேற்கு நோக்கியது. அதன் மீது வெயில் துளியும் விழுவதில்லை, நீலவானத்தின் பரந்த ஒளி மட்டுமே படுகிறது. தரையில் பனி கிடந்தால் அந்த ஒளி கீழிருந்தும் எழும்பி நிழலைச் சற்றுத் தூக்கிவிடும். குளிர்காலம் தரும் உதவிகளில் இது முக்கியமானது; அதே காட்சி கோடையைவிடப் பனி கிடக்கும் காலையில் எளிதாகக் கோப்பில் அடங்கும்.

மேல்பாதி மட்டும் கருமையாக்கப்பட்ட அரைக்கருமை வடிகட்டியைக் கொண்டுவந்தவர்கள் இங்கே ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார்கள். வானத்தைக் கருமையாக்க வேண்டிய அந்தக் கண்ணாடி, அடிவானத்துக்கு மேலே குறுக்காக ஓடும் வளைவையும் சேர்த்துக் கருமையாக்கிவிடும்; ஒளிர வேண்டிய இடமே இருண்டு போகும். ஆகவே வடிகட்டியைப் பையில் வைத்துவிட்டு, ஒளியளவை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்கும் பிராக்கெட்டிங் முறைக்கு மாறுவதே வழி. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் 5 படங்கள் எடுத்தால் ஒற்றைப் படத்தின் வீச்சுக்கு மேல் 8 ஸ்டாப் கிடைக்கும். லென்ஸின் துளை அளவும் ஐஎஸ்ஓவும் (உணரியின் ஒளியுணர்வு அளவு) மாறக் கூடாது, ஷட்டர் வேகம் மட்டுமே மாற வேண்டும். மிகக் கருத்த படத்தில் சூரியனைச் சுற்றியுள்ள வானம் நிறத்தோடு இருக்கிறதா என்றும், மிக வெளுத்த படத்தில் பாறை முகத்தின் நிழல் ஹிஸ்டோகிராமின் இடச்சுவரை விட்டு விலகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டால், நடுவில் உள்ளவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒன்று சேர்த்த பிறகு வளைவின் விளிம்பு நெடுக வெண்மையான ஒளிக்கோடு தெரிந்தால், மென்பொருளின் தானியங்கி ஒன்றிணைப்பு அளவுக்கு மீறி உள்ளூர் மாறுபாட்டை (அடுத்தடுத்த பகுதிகளுக்கு இடையிலான ஒளி வேறுபாட்டை) கூட்டியிருக்கிறது. அந்த அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் நீங்கவில்லையென்றால், கருத்த படத்தையும் வெளுத்த படத்தையும் தனித்தனி அடுக்குகளாக வைத்து, முகமூடி (அடுக்கின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) மூலம் கையால் கலப்பதே தூய்மையான முடிவைத் தரும். விளிம்பில் ஊதா நிறம் தெரிந்தால் அது லென்ஸின் நிறப்பிறழ்வு; ஒன்றிணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பிலும் அதை நீக்கிவிட வேண்டும், பிறகு நீக்குவது கடினம். சூரியனே இரட்டையாகத் தெரிந்தால் படங்களுக்கிடையே அதிக நேரம் கடந்திருக்கிறது என்று பொருள். வானத்தில் சூரியன் தன் விட்டத்தின் அளவு நகர இரண்டு நிமிடங்களே ஆகும். எனவே ஐந்து படங்களும் ஒரே அழுத்தலில், இடைவெளியின்றி எடுக்கப்பட வேண்டும்.

சூரியனில் நட்சத்திரக் கதிர்கள் வரவில்லை

துளை அகலமாக இருந்தால் வராது, எஃப்/16-க்குக் கொண்டுபோங்கள் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). எஃப்/22 கதிர்களை நீட்டினாலும், விளிம்புவளைவால் (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுவதையும் மென்மையாக்கிவிடும் என்பதால் அங்கே போக வேண்டியதில்லை. முழு வட்டும் வெளியே தெரியும் சூரியனைவிட, பாறை விளிம்பிலோ அடிவானத்திலோ பாதி மறைந்த சூரியனே கூர்மையான கதிர்களைத் தரும். டிசம்பரில் அங்கே சூரியன் சாய்வாக ஏறுவதால், மேல்விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டும் அடிவானத்தை விட்டு நீங்க மூன்று நிமிடம்போல் ஆகும். அந்த வாய்ப்பு தவறினால், கேமராவை உயர்த்தி வளைவின் அடிவிளிம்பில் சூரியனைத் தொடவைத்து இரண்டாவது வாய்ப்பை உருவாக்கிக்கொள்ளலாம். கதிர்களின் எண்ணிக்கை லென்ஸின் துளையிதழ்களைப் பொறுத்தது. இதழ்கள் இரட்டைப்படையில் இருந்தால் அதே எண்ணிக்கையும், ஒற்றைப்படையில் இருந்தால் அதன் இருமடங்கும் வரும். இதைக் களத்தில் மாற்ற இயலாது.

ஒளிவழி வியூஃபைண்டர் கொண்ட கேமராவில் சூரியனைக் கண்ணால் பார்த்துச் சட்டமமைப்பது கண்ணுக்கு ஆபத்து. பின்திரையைப் பயன்படுத்துங்கள்.

சட்டத்தின் குறுக்கே பச்சை, ஊதாப் புள்ளிகள், நிழல்கள் வெளுத்திருக்கின்றன

லென்ஸின் முன்கண்ணாடியில் கைரேகையோ, மூச்சின் ஈரம் உறைந்த மெல்லிய படலமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கும் லென்ஸில் ஒவ்வொரு கூடுதல் கண்ணாடியும் ஒரு பிரதிபலிப்பைச் சேர்க்கிறது. எல்லாம் சுத்தமாக இருந்தும் புள்ளிகள் நீங்காவிட்டால், முக்காலியை அசைக்காமல், சூரியனை மட்டும் விரலால் மறைத்து இன்னொரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் விரல் தெரியும் இடத்தை முதல் படத்திலிருந்தும், மற்ற எல்லாவற்றையும் இரண்டாவதிலிருந்தும் எடுத்துக் கலந்தால் புள்ளிகளும் வெளுப்பும் ஒருசேர மறையும்.

பாறை கூர்மையாக இருக்கிறது, தொலைவு மங்கல், அல்லது நேர்மாறாக

இருட்டில் தானியங்கிக் குவியம் அங்குமிங்கும் அலைந்து எங்கோ நின்றுவிடுவதே வழக்கமான காரணம். கைமுறைக் குவியத்துக்கு மாறுங்கள். 16 மி.மீ. லென்ஸில் எஃப்/11-இல் மிகைக்குவியத் தொலைவு (அடிவானமும் கூர்மையாக அமையக் குவியத்தை நிறுத்தக்கூடிய மிகக் குறைந்த தொலைவு) ஏறத்தாழ 80 செ.மீ. மட்டுமே, ஆகவே அதைவிடச் சற்று அப்பால், ஒன்றரை மீட்டரில் குவியத்தை நிறுத்தினால், ஒரு மீட்டருக்குள் இருக்கும் பாறை முதல் அடிவானம் வரை போதிய கூர்மை கிடைக்கும். 24 மி.மீ.-இல் அதே தொலைவு 1.75 மீட்டராகிறது, எனவே சற்று அப்பால் நிறுத்த வேண்டும். வெளிச்சம் போதாதபோது, கைபேசியின் திரையை ஒளிரவிட்டு வேண்டிய தொலைவில் தரையில் வைத்து, பின்திரையில் பெரிதாக்கிக் குவியத்தை அமைத்துக்கொள்ளலாம். பாறையின் மீது டார்ச் அடித்து வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுப்பது இந்தப் பூங்காவில் தடைசெய்யப்பட்டுள்ளது. அருகில் நிற்பவர்களின் படத்தையும் அது கெடுக்கும்.

படம் முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் அது குவியப் பிழை அல்ல, அதிர்வு. விளிம்பில் மேலெழும் காற்றும், பனியின் மேல் வைத்த முக்காலிக் கால் சிறிது சிறிதாக அமிழ்வதும் அங்கே இரு பெரும் காரணங்கள். காலைப் பாறையைத் தொடும்வரை அழுத்தி ஊன்றி, நடுத்தண்டை உயர்த்தாமல், இரண்டு விநாடி தாமதத்தோடு எடுங்கள்.

பனி சாம்பலாக அல்லது நீலமாகத் தெரிகிறது

சாம்பல் நிறம் ஒளிமானியின் இயல்பால் வருவது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே அது முயலும். பனி சட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள். பிராக்கெட்டிங் செய்பவருக்கு இந்தக் கவலை இல்லை. நீலத்தைப் பொறுத்தவரை, நிழலில் கிடக்கும் பனி உண்மையிலேயே நீலமாகத்தான் இருக்கிறது. நீலவானத்தின் ஒளி மட்டுமே அதன் மீது படுகிறது. அதை வெள்ளையாக்க வெண்சமநிலையை வெப்பமாக்கினால் வளைவின் அடிப்பக்கம் அளவுமீறிச் சிவந்துவிடும். செம்மையும் நீலமும் எதிரெதிரே நிற்பதுதான் குளிர்காலப் படத்தின் அழகு என்று கருதுபவன் நான். மிகையான நீலத்தை மட்டும் அந்த நிறத்தின் செறிவைக் குறைத்துத் தணித்தால் போதும்.

ஒட்டிய பனோரமாவில் வளைவு முறிந்து தெரிகிறது

வளைவு நீளமானது, தாழ்வானது. அருகில் நின்றால் 16 மி.மீ. லென்ஸின் ஓரங்களில் அதன் கால்கள் வெளிப்பக்கமாக இழுபடும். அதைத் தவிர்க்க, 24 அல்லது 35 மி.மீ. லென்ஸில் செங்குத்துச் சட்டங்களாக எடுத்து ஒட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் கேமராவை அதன் அடியில் முக்காலியைத் திருகும் துளையை மையமாக வைத்துச் சுழற்றினால், மூன்று மீட்டரில் உள்ள பாறையும் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையும் சட்டத்துக்குச் சட்டம் ஒன்றுக்கொன்று இடம் மாறும். மென்பொருள் எதைப் பொருத்தினாலும் மற்றது முறியும். சுழற்சி மையம் லென்ஸின் நுழைதுளையில் (முன்னிருந்து பார்க்கும்போது துளை தெரியும் இடத்தில்) அமையும்படி, நீளச் சறுக்குத் தகட்டில் கேமராவைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். சரியாக அமைந்ததா என்று அறிய, அருகிலுள்ள பாறை விளிம்பையும் அதற்குப் பின்னால் தெரியும் வாஷர் உமன் பாறையையும் ஒரே கோட்டில் வைத்துக் கேமராவை இடவலமாகச் சுழற்றுங்கள். இரண்டும் பிரியாமல் சேர்ந்தே நகர்ந்தால் மையம் சரி.

பேட்டரி திடீரென்று தீர்ந்துவிடுகிறது. லென்ஸில் பனி படர்கிறது

பெரும்பாலான கேமராக்கள் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இயங்குவதற்கே வடிவமைக்கப்பட்டவை. அந்த மேட்டுநிலத்தில் குளிர்கால இரவு வெப்பம் −7 முதல் −18 பாகை வரை இறங்குகிறது. குளிரில் லித்தியம் அயனி பேட்டரியின் உள்தடை கூடி மின்னழுத்தம் சரிவதால், பாதி மின்னூட்டம் இருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரியைத் தூக்கி எறிய வேண்டாம். சட்டையின் உட்பையில் உடல்சூட்டில் சிறிது நேரம் வைத்து மீண்டும் மாட்டினால் இன்னும் பல படங்களுக்கு வரும். இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றி இப்படிச் சுழற்றுவது எல்லாவற்றையும்விட நம்பகமானது.

முன்கண்ணாடியில் பனி படர்வதற்கு மூச்சுக்காற்றே முதற்காரணம். பின்திரையைக் குனிந்து பார்க்கும்போது பக்கவாட்டில் மூச்சு விடுங்கள், கண்ணாடியை ஒருபோதும் ஊதித் துடைக்காதீர்கள். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றிப் பட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. படமெடுத்து முடித்து வெப்பமூட்டிய வண்டிக்குள் ஏறும் முன், கேமராவைக் காற்றுப் புகாத நெகிழிப் பையில் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையெனில் வண்டிக்குள் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் மீதும், சில வேளை அதன் உள்ளேயும் நீராகப் படியும். நினைவக அட்டையைப் பையில் இடும் முன்பே எடுத்துக்கொண்டால், படங்களைப் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறக்க நேராது.

சட்டத்துக்குள் மனிதர்களும் காலடித் தடங்களும்

வளைவின் முன்னால் உள்ள இடம் சிறியது. குளிர்காலத்தில் கூட்டம் குறைந்தாலும் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. அகலக்கோணத்தில் பக்கத்தில் நிற்பவரின் முக்காலிக் கால் எளிதில் ஓரத்தில் நுழைந்துவிடும் என்பதால், முதல் படத்திலேயே நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். புதிய பனியில் தடம் பதியாத முன்புறம் வேண்டுமென்றால், எல்லோருக்கும் முன்பே வந்து, வந்தவர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தடங்களைத் தவிர்க்கப் பாதையை விட்டு விலகிச் சுற்றிவருவது தவறு. அங்குள்ள மண்ணின் கருத்த மேலோடு உயிருள்ளது, மிதித்தால் மீள நெடுங்காலம் எடுக்கும். வளைவின் மேல் ஏறுவதற்கும் டிரோன் பறக்கவிடுவதற்கும் பூங்காவில் தடை உண்டு. வளைவுக்கு அடுத்த அடியிலேயே பாறை முடிந்து பள்ளம் தொடங்குகிறது, விளிம்பில் உறைந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சட்டமமைப்பைத் திருத்த வளைவின் அடிக்குள் நுழைந்து பின்னோக்கி நகர்வதை எந்தப் படத்துக்காகவும் செய்யக் கூடாது.

வானத்தில் சாம்பல் வட்டப் புள்ளிகள்

எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் இருந்தால் அவை உணரியின் மேல் ஒட்டிய தூசி. எஃப்/16-இல் அவை தெளிவாகத் தெரியும், எஃப்/4-இல் கரைந்துவிடும். அதனால்தான் மற்ற நாட்களில் அவை கண்ணில் படவில்லை. புறப்படும் முந்தைய நாள் வெள்ளைத் தாளொன்றைக் குவியம் கலைத்து எஃப்/22-இல் படமெடுத்துப் பார்த்து, புள்ளிகள் இருந்தால் ஊதுகுமிழால் நீக்கிவிடுங்கள். களத்தில் கவனித்தால் அங்கேயே உணரியைத் திறந்து துடைக்க முற்படாதீர்கள். விளிம்பின் காற்று மணலையும் பனித்துகளையும் உள்ளே கொண்டுவந்துவிடும். பிராக்கெட்டிங் படங்களை ஒன்றிணைக்கும் முன், ஒரு கோப்பில் புள்ளிகளை நீக்கி அதே திருத்தத்தை மற்ற நான்குக்கும் நகலெடுத்தால் வேலை ஒரே முறையில் முடிந்துவிடும்.